இலைக்கு மேலே ஒரு பச்சைத் துண்டு

2024, ஜூன் 9

குடிவந்து இரண்டு வாரம் ஆகிறது. எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்பது இன்னும் பிடிபடவில்லை. மின்விசிறிக்காகத் தட்டினால் வாசல் விளக்கு எரிகிறது. நகரியில் இத்தனை வருடம் கணக்கு டீச்சராக இருந்து வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லி எத்தனை பிள்ளைகளை நிற்க வைத்திருப்பேன். இப்போது ஆறு ஸ்விட்ச் என்னை நிற்க வைக்கிறது.

ஆனால் இந்த பால்கனிக்கு முன்னால் எல்லாம் மறந்துபோகிறது. மலைச்சரிவில் வீடு கட்டுவது கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். ஹரிதாதான், "அம்மா, அந்த வியூ வேற எங்கயும் கிடைக்காது" என்று பிடிவாதமாக பிளான் போட்டாள். திருப்பதியில் நாலு பேருக்கு வீடு கட்டிக் கொடுக்கிற இஞ்ஜினியர் மகள் சொல்லும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மேற்கே பார்த்த பால்கனி. நேர் கீழே ஒரு வீடு, அதன் புழக்கடை, தறிக்கொட்டகை. அதற்கு அப்பால் வயல். வயலுக்கு அப்பால் ரயில் பாதை.

இவருக்கு அந்த ரயில் பாதைதான் வீடு. கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ("நான் ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் கார்டுங்கற பேரை மாத்தி மேனேஜர்னு வெச்சிட்டானுங்க, அநியாயம்" என்று இன்றைக்கும் ஒரு தடவை புலம்பினார்.) வண்டி வரும் சத்தம் கேட்டால் நாற்காலியை விட்டு எழுந்து, தோளில் கிடக்கும் பச்சைத் துண்டை எடுத்து நீட்டி ஆட்டுகிறார். ஓடுகிற வண்டியும் ஸ்டேஷனும் ஒன்றுக்கொன்று எல்லாம் சரி என்று கொடி காட்டிக்கொள்ளும் பழக்கம் அது. 'ஆல்ரைட் கொடுப்பது' என்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் திருப்பிக் காட்டப்போவதில்லை. இருந்தாலும் இவர் விடுவதில்லை.

எனக்குப் பிடித்தது கீழ்வீட்டுத் துணி. புழக்கடையில் கம்பி கட்டி, வெட்டாத லுங்கித் துணியை முழு நீளத்துக்கு விரித்துக் காயப்போடுகிறார்கள். கஞ்சி போட்டுக் காயவைக்கிறார்கள் போலிருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை வேறு நிறம். இலவசமாக ஒரு கண்காட்சி.

ஜூன் 11

இன்று நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டது. அற்புதம்.

ஜூன் 16

காய்கறி வண்டி அருகே கீழ்வீட்டு அம்மாளைப் பார்த்தேன். பெயர் ருக்மணி. கணவர் பழனிக்கு நாலு தறி. எனக்கு ஏழெட்டு வயது இளையவராக இருப்பார். நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "உங்க வீட்டுத் துணியைத் தினமும் மேலேயிருந்து பார்க்கிறேன். ரொம்ப அழகா இருக்கு. அந்த மாம்பழக் கலர் மறுபடி எப்போ போடுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "தெனம் பாக்கறீங்களா, டீச்சரம்மா?" என்றார்.

"தினமும்" என்றேன், பெருமையாக.

கத்தரிக்காயை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கூச்ச சுபாவம் போலும்.

ஜூன் 23

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன். தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர் சரிவில் இறங்கிக் கீழ்வீட்டுப் புழக்கடைக்குள் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று சுற்றிக்கொண்டு இறங்கிப் போனேன். ருக்மணி துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். நானும் ஒரு துடைப்பம் கேட்டேன், தரவில்லை. "நீங்க குந்துங்க" என்று துவைக்கிற கல்லைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். நிமிர்ந்தேன்.

என் பால்கனி. கம்பித் துணிக்கும் மேலே, தலைக்கு நேராக, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. அதில் இவர். எங்கோ வண்டிச் சத்தம் கேட்டது. இவர் எழுந்து நின்றார். தோளிலிருந்து பச்சைத் துண்டை எடுத்தார். எங்களைப் பார்த்து — எங்களைப் பார்த்துத்தான், கீழேயிருந்து பார்த்தால் வேறு எப்படியும் தோன்றாது — அதை ஆட்டினார்.

ரயில் பாதை அங்கேயிருந்து தெரியாது. தறிக்கொட்டகைச் சுவர் மறைக்கிறது.

ருக்மணி துடைப்பத்தைக் கீழே வைத்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சரம்மா. சாரப் பாத்தா நல்லவரு மாதிரிதான் கீது. ஆனா தெனம் நாலஞ்சி தபா எயுந்து நின்னுக்கினு துண்ட ஆட்டறாரே, இன்னாத்துக்கு?"

மேலே இவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு ஒரு நாளு மேல வந்து கேட்டுட்றேன்னு கெளம்பிட்டாரு. நாந்தான் புடிச்சி நிறுத்துனேன். டீச்சரம்மா வூடாச்சேன்னு."

"ருக்மணி, அது ரயிலுக்கு..." என்று ஆரம்பித்து, ஆல்ரைட் கொடுப்பது வரை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு நான், வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்க வேண்டியவள், கம்பியைக் காட்டி, "இந்தத் துணி காஞ்சதும்..." என்றேன்.

"அது காயறதுக்கு இல்லீங்க" என்றார். "மேலேர்ந்து நீங்க பாக்கக் கூடாதுன்னு கட்டனது. அன்னன்னிக்குத் தறியிலேர்ந்து எறங்கற பீஸைக் கட்டறது, வியாபாரி வந்தா அவுத்துக் குடுத்துட்டு வேற கட்டறது. நீங்க வந்து நல்லாக் கீதுன்னு சொல்லிட்டீங்க. நானு இன்னாத்தச் சொல்லுவேன்?"

மாம்பழக் கலர் எப்போ வரும் என்று வேறு கேட்டேனே! தேவி, தேவி!

ஜூன் 24

இவரிடம் சொன்னேன்.

"நான் யாரைப் பார்த்தேன்? எனக்கு வண்டியைத் தவிர ஒண்ணும் கண்ணுல படலியே!"

"எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வகுப்பில் ஒரு நாள் நான் ஜன்னல் பக்கம் நின்று வட்டத்தின் பரப்பளவு நடத்தியபோது எல்லாப் பையன்களும் என்னையே உன்னிப்பாகப் பார்த்தார்கள். இந்த வருடம் எல்லோரும் பாஸ் என்று பூரித்துப்போனேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் மைதானத்தில் கபடி நடந்துகொண்டிருந்தது. பார்வை எங்கே போகிறது என்பது பார்க்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். நடுவில் நிற்கிறவள் தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்வாள். அன்று நான் சந்தோஷப்பட்டேன். ருக்மணி பயந்துபோயிருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

உதாரணத்தைச் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷத்துல என்மேல ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்ல" என்றார்.

ஜூன் 25

காலையில் சப்தகிரி எக்ஸ்பிரஸ் போயிற்று. நாற்காலி காலி. இவர் பின்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நேற்றைய பேப்பர்.

ஜூலை 2

ஹரிதாவுக்கு போன் செய்தேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "நைனா பச்சைக் கொடி காட்டினாரா? கடவுளே!" பிறகு, "அம்மா, நீங்க என்ன தப்பு பண்ணீங்க? உங்க மனை, உங்க வீடு, அனுமதி வாங்கித்தான் கட்டினோம்" என்றாள்.

அனுமதி யாரிடம் வாங்கினோம்? ஆபீசில். கீழ்வீட்டில் கேட்டோமா? அவர்கள் அந்தப் புழக்கடையில் நாங்கள் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னாலிருந்து இருக்கிறார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்டு கூந்தலை விரித்துக் காயவைக்கிற இடம். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு துவைக்கிற இடம். மேலே வெறும் பாறை இருந்த வரைக்கும் அவர்களுக்குச் சுவரே தேவைப்படவில்லை.

கடைசியில் ஹரிதா ஒரு யோசனை சொன்னாள். நர்சரிகளில் கட்டுகிற பச்சை வலையை பால்கனிக்குக் குறுக்கே கட்டிவிடலாம். சரி.

ஜூலை 6

வலை கட்டியாயிற்று. வீட்டுக்குள் எல்லாம் பச்சையாக இருக்கிறது. சாம்பார்கூட. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மீன் தொட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 19

ஆடி பிறந்து மூன்றாம் நாள். மலைக்காற்று என்றால் என்ன என்று இன்று தெரிந்துகொண்டோம். வலை பிய்த்துக்கொண்டு பறந்து, பழனியின் தறிக்கொட்டகை மேல் போய் விழுந்து, தகரத்தில் மாட்டிக்கொண்டு பேயாட்டம் ஆடியது. பழனி ஏணி வைத்து ஏறி எடுத்தார். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முதன்முறையாக எங்கள் வாசலுக்கு வந்தார்.

"சார், உங்க துணி பறந்து வந்துச்சி. எங்க துணி அங்கியேதான் கீது" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இவர், "தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னார். இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு முனை பிடித்து வலையை மடித்தார்கள்.

இனிமேல் மரம்தான். காற்று வந்தால் மரம் வளையும், பறக்காது.

ஜூலை 21

புத்தூர் ரோட்டு நர்சரியிலிருந்து நெட்டிலிங்கக் கன்றுகள் வாங்கிவந்தேன். "த்வரகா பெருகுதுந்தி மேடம்" என்று நர்சரிக்காரர் சத்தியம் செய்தார். சீக்கிரம் வளருமாம். எங்கள் மனையின் கீழெல்லையில், ருக்மணி வீட்டுப் புழக்கடையை ஒட்டினாற்போல வரிசையாக நட்டேன். எவ்வளவு உயரம் வளர வேண்டும் என்று பார்க்க, ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு நெடு மூங்கில் ஊன்றினேன். அசெம்பிளிக்கு நிற்கிற பிள்ளைகள் போல இருந்தது. மனதுக்கு நிறைவு.

ஜூலை 28

ருக்மணி மேலே வந்தார். வந்ததும், உட்காரக்கூட இல்லை, "டீச்சரம்மா, மரம் வாணாம். எடுத்துடுங்க" என்றார்.

"ஏம்மா? உங்களுக்காகத்தானே வெச்சேன்."

"எங்களுக்காக வாணாம்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டார்.

எனக்கு வந்த கோபம்! இன்னாதான் பண்ணணும்ங்கற? வலை கட்டினா பறக்குது. மரம் வெச்சா வாணாம்ங்கறாங்க. வூட்டையே இடிச்சிட்டுப் போயிடட்டுமா? அறுபது வயசுல குழி தோண்டி இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம் — இவர் ரூமுக்குள்ளயே உக்காந்துக்கினு கீறாரு, அவங்க துணியக் கட்டிக்கினு கீறாங்க, நடுவுல நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி மண்வெட்டியும் கையுமா...

போதும். நாளைக்குப் போய்க் காரணம் கேட்கிறேன். விடை தப்பு என்று குறுக்கே கோடு போட்டால் மட்டும் போதாது, எங்கே தப்பு என்று சொல்ல வேண்டும். என் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 29

போனேன். நல்லவேளை போனேன்.

ருக்மணி என்னைக் கல்லில் உட்காரவைத்து, தரையைக் காட்டினார். என் மூங்கில்களின் நிழல்கள் புழக்கடை முழுக்கக் கோடு கோடாக விழுந்திருந்தன. "இது வெறும் கம்பு. இதே மரமானா?" என்றார்.

அவர்களுக்குக் காலை வெயில் எங்கள் வீட்டுக் கூரையைத் தாண்டித்தான் வர வேண்டும். நாங்கள் வீடு கட்டியதிலேயே கொஞ்சம் போய்விட்டது. மீதியை நெட்டிலிங்கம் தின்றுவிடும்.

"பெரியவ பிரியா முழுகாம கீறா" என்றார். மோகனப்ரியா. சத்தியவேட்டில் கட்டிக்கொடுத்த மகள். "தையில தேதி குடுத்துக்கீறாங்க. பிரசவத்துக்கு இங்கதான் வருவா. கொயந்தைக்குக் காலங்காத்தால வெயிலு காட்டணும். இந்தக் கல்லுல காலை நீட்டிக்கினு, பொடவய முட்டிக்கு மேல ஏத்திக்கினு, கொயந்தயக் கால்ல போட்டு நாந்தான் எண்ணெ தேச்சி ஊத்தணும். வெயிலு இல்லாங்காட்டி ஆவாது. மேல ஆம்பள நின்னாலும் ஆவாது. பிரியாவ வர வாணாம், மாமியார் வூட்லயே இருந்துக்கோன்னு சொல்லிடலாமான்னு கீது எனக்கு."

முதல் பிரசவம். தாய்வீட்டுக்கு வராதே என்று ஒரு தாய் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரால்? பால்கனி வைத்த எங்களால்.

"தை வரைக்கும் நேரம் இருக்கு" என்றேன். "வரச் சொல்லுங்க. நான் வழி பண்றேன்."

வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வழிதான் தெரியவில்லை.

ஜூலை 31

மறைக்கவும் வேண்டும், வெயிலும் வேண்டும், இவருக்கு ரயிலும் வேண்டும். மூன்று நிபந்தனைகள், ஒரு விடை. கொடுத்திருப்பதில் ஏதோ ஒன்றை நான் இன்னும் பயன்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 1

கிடைத்துவிட்டது!

காலையில் பால்கனியில் தனியாக நின்றேன். நீளமான சரக்கு வண்டி போயிற்று. பெட்டிகளில் பட்டு மின்னிய வெயிலில் கண் கூசியதால் கையைத் தூக்கினேன். கட்டைவிரல் குறுக்கே வந்தது. மூன்று பெட்டிகளைக் காணோம்! விரலைக் கண்ணுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தேன். பத்துப் பெட்டி காணோம்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே செய்து காட்டிய விளையாட்டு. கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் சின்னதே பெரியதை மறைக்கும். மரத்தை எல்லையில் வைத்தது என் முட்டாள்தனம். அங்கே அது பனை உயரம் வளர்ந்தால்தான் பயன். பால்கனியை ஒட்டி வைத்தால், கைப்பிடிக்கு மேல் ஒரு முழம் வந்தாலே போதும். கீழே பார்க்கிற பார்வை இலையில் முட்டிக்கொள்ளும். தூரத்து ரயில் இலைக்கு மேலே ஓடும். நிழல்? வீட்டின் நிழலுக்குள்ளேயே மரத்தின் நிழலும் அடங்கிவிடும். ருக்மணிக்கு இப்போது வருகிற வெயிலில் ஒரு துளிகூடக் குறையாது.

இவரை எழுப்பிச் சொன்னேன். "கணக்கு சரி. ஆனா அவங்க நம்பணுமே" என்றார்.

ஆகஸ்ட் 2

இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலி.

நம்ப வைப்பதற்குச் செய்முறைத் தேர்வு. கீழே ருக்மணி கல்லில் உட்கார்ந்து, நின்றால் தலை எட்டும் உயரத்துக்குப் பித்தளைச் சொம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே இவர், ஒரு மாதத்துக்குப் பிறகு பால்கனியில், விறைப்பாக. நான் கைப்பிடிக்கு வெளியே இரண்டு கம்பு கட்டி, என் பழைய புடவையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்.

"தெரியுதா?" என்று கேட்டேன்.

"அம்மா தெரியறாங்க" என்றார் இவர்.

ஒரு சாண் ஏற்றினேன். "இப்போ?"

"சொம்பு தெரியுது."

இன்னும் ஒரு சாண்.

"ஒண்ணும் தெரியல. அம்மா, இருக்கீங்களா?"

"இங்கதான் கீறேன் சார், எங்க போவப்போறேன்! கை வலிக்குது, சொம்ப எறக்கலாமா?"

தறியை நிறுத்திவிட்டுப் பழனி வந்து நின்றார். "டீச்சர், எங்க வூட்டம்மாவ மொத்தமா மறைக்கறதுன்னா இன்னும் ரெண்டு பொடவ நான் தர்றேன்!"

"ஒன்ன மறைக்கத்தான்யா மொதல்ல மரம் வெக்கணும்" என்றார் ருக்மணி.

அந்த நேரம் பார்த்து வண்டிச் சத்தம். இவர் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. பாதியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஓடி வாங்க மேல!" என்று கத்தினேன்.

அவர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது வண்டியின் கடைசிப் பெட்டி வயலைத் தாண்டிக்கொண்டிருந்தது. இவர் துண்டை நீட்டி ஆட்டினார். பழனி ரயிலைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "இதுக்கா சார் நான் அன்னிக்கு ஒதைக்கறதுக்குக் கெளம்பினேன்?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ருக்மணி கம்பில் கட்டிய புடவையை விலக்கிக் கீழே தன் வீட்டை எட்டிப் பார்த்து, "அடிப்பாவி, பல்லு வெளக்கனாகூடத் தெரியும் போலக்கீதே!" என்றார்.

காபி போட்டேன். நாலு பேரும் குடித்தோம். மரம் வளரும் வரைக்கும் புடவை அங்கேயே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 5

நெட்டிலிங்கத்தை எல்லாம் பெயர்த்துப் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே நிழல் போதவில்லை. பால்கனிக்குக் கீழே பவளமல்லியும், இடையிடையே அகத்தியும் நட்டேன். பவளமல்லி நிரந்தர ஆசிரியர், வந்து சேரத் தாமதமாகும். அதுவரை வகுப்பைப் பார்த்துக்கொள்ள அகத்தி தற்காலிக ஆசிரியர்.

ஆகஸ்ட் 17

தற்காலிக ஆசிரியர்கள் அனைவரையும் ஆடு தின்றுவிட்டது. மலையிலிருந்து இறங்குகிற மந்தை. குச்சிகூட மிச்சமில்லை. பவளமல்லி சொரசொரவென்று இருந்ததால் ஒரு வாய் கடித்துவிட்டு விட்டுவிட்டன.

ஆகஸ்ட் 18

நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு ஒரு தந்திரம் உண்டு. சரியான விடை தெரியாவிட்டால் தப்பானவற்றை அடித்துக்கொண்டே வர வேண்டும். இன்று மந்தையின் பின்னாலேயே ஓடை வரைக்கும் நடந்தேன். வேலி, புல், கொடி, கள்ளிப் பூ, ஒருவன் விட்டுச்சென்ற சட்டை — எல்லாவற்றிலும் வாய் வைத்தன. ஒன்றைத் தவிர. ஓடைக்கரை முழுக்க அடர்ந்து நின்ற நொச்சி. அதன் பக்கம் திரும்பவே இல்லை.

ஆள் உயரப் போத்துகளாக, நட்டால் துளிர்க்கிற கம்புகளாக, வெட்டிச் சுமந்துவந்தேன். இவர் குழி தோண்டினார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு.

கீழேயிருந்து ருக்மணி பார்த்துவிட்டார். "நொச்சியா? டீச்சரம்மா, புள்ள பெத்தவளுக்கு அந்த எலயப் போட்டுத்தான் வெந்நி காச்சணும்! எனக்கு ஓடைக்குப் போற வேல மிச்சம்!"

ஆக, மூன்று நிபந்தனைக் கணக்குக்கு நாலாவதாக ஒரு பயனும் சேர்ந்து வந்திருக்கிறது.

செப்டம்பர் 12

எல்லாப் போத்தும் துளிர்த்துவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் அசையாமல் நிற்கிறது. கடைசி பெஞ்சு. காத்திருப்போம்.

அக்டோபர் 3

கடைசி பெஞ்சும் துளிர்த்தது.

அக்டோபர் 20

மழை பிடித்துக்கொண்டது. நொச்சி ராத்திரிக்கு ராத்திரி வளர்கிறது. இலை கைப்பிடிக்கு மேல் ஒரு முழம் வந்துவிட்டது, புடவையை அவிழ்த்துவிட்டேன். இவர் தினமும் உட்கார்ந்தும் நின்றும் பார்த்து எனக்கு ரிப்போர்ட் தருகிறார்: "இடது பக்கம் ஒரு சந்து இருக்கு தேவி. கல்லோட முனை தெரியுது." போய்ப் பக்கத்துக் கிளையை வளைத்துக் கட்டினேன்.

நவம்பர் 17

சீமந்தம் முடிந்து பிரியா வந்துவிட்டாள். ருக்மணி வரச் சொல்லிவிட்டார்!

ஏழு விதச் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரியா வாய்த்துடுக்கு. "நீங்கதான் மாம்பழக் கலர் ஆன்ட்டியா?" என்றாள் எடுத்த எடுப்பில். ருக்மணி அவள் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். கம்பியில் துணி இன்னும் கட்டித்தான் இருக்கிறது. பாதிதான் நம்பிக்கை. தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான்.

டிசம்பர் 1

புயல் மழை. காற்றில் நொச்சி வரிசை மொத்தமும் வீட்டுப் பக்கம் சாய்ந்து, நடுவில் ஒரு பெரிய வாசல் திறந்துவிட்டது. கல்லும் தொட்டியும் பட்டப்பகலாகத் தெரிகிறது. இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடி பின்னறைக்குப் போய்விட்டார்.

பயமாக இருக்கிறது. தைக்குள் நிமிருமா?

டிசம்பர் 3

பழனி வந்தார், தோளில், தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் கண்டுகளோடு. கேட்காமலேயே வந்தார். ஒவ்வொரு மரத்தையும் நிமிர்த்தி, மூங்கிலோடு சேர்த்து, பட்டை அறுபடாதபடி நூலைப் பல இழையாகச் சேர்த்துக் கட்டினார். இவர் பிடிக்க, அவர் முடிச்சுப் போட.

"டைட்டா வாணாம் சார். ஆட எடம் குடுக்கணும். இல்லாட்டி அடுத்த காத்துக்கு முறிஞ்சிடும்."

"ரெண்டு வேகனை மாட்டற கப்ளிங் மாதிரி" என்றார் இவர்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பாவு மாதிரி."

வாசல் மூடிக்கொண்டது. நாற்காலி பால்கனிக்குத் திரும்பியது.

2025, ஜனவரி 19

பெண் குழந்தை! புத்தூர் ஆஸ்பத்திரியில். ருக்மணி போனில் அழுதுகொண்டே சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

ஜனவரி 30

காலையில் ருக்மணி வந்து நொச்சி இலை பறித்துக்கொண்டு போனார். மேலிருந்து பறிக்கவே இல்லை. கீழ்க்கிளைகளில் மட்டும், கவனமாக.

பிப்ரவரி 6

பழனி ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். மாம்பழக் கலர் துணி. வெட்டி, மூட்டி, லுங்கியாகத் தைத்திருக்கிறது. "கம்பியிலேர்ந்து அவுத்துட்டோம். சார் கட்டிக்கட்டும்" என்றார் வாசலில்.

இவர் உடனே கட்டிக்கொண்டார். கண்ணாடி முன் நின்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 9

ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில்.

இருவரும் பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். கீழே வெந்நீர் ஊற்றுகிற சத்தம். நொச்சி இலையின் மணம் ஆவியோடு மேலே வந்தது. குழந்தை வீறிட்டு அழுதது, பிறகு எண்ணெய்க் கைக்குப் பழகியது போல விக்கி விக்கி அடங்கியது. ருக்மணி ஏதோ பாடுகிறார். பிரியா, "யம்மா, கண்ணுல படப்போவுது!" என்று கத்துகிறாள். எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. இலைதான் தெரிகிறது.

வண்டிச் சத்தம். இவர் மாம்பழ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். பச்சைத் துண்டை எடுத்து இலைக்கு மேலே நீட்டி ஆட்டினார். சப்தகிரி வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

கீழேயிருந்து ருக்மணியின் குரல், வாய் நிறையச் சிரிப்போடு:

"ஆல்ரைட், சார்!"

இவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காபி ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அப்படியே குடித்தார்.